கிளினிக் கொப்பி: மனநோயாளரும் பொலிஸும் நாமும்

மாத்தளையில் சின்னப் பிள்ளைகள் சண்டை பிடித்தால் இன்றும் ஒரு வார்த்தை வரும்: "ஒன்ன அங்கொடக்கி அனுப்போணும்." வகுப்பறையில் அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பாடத்தை நிறுத்திவிட்டு அதை விளக்குவேன். அங்கொடை என்பது கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊர். அங்கே மனநோயாளருக்கான வைத்தியசாலை 1920களில் கட்டப்பட்டது. இப்போது அதன் பெயர் தேசிய மனநல நிறுவகம். நோயாளர் குணமடையப் போகும் இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் மாத்திரம் சிரிக்க மாட்டார்கள். அவர்களுடைய வீட்டில் யாரோ இருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கும்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இக்கட்டுரையில் சட்டத்தைப் பற்றியும் பொலிஸைப் பற்றியும் எழுதப்போகிறேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லாமல் எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

அவர் என் சாச்சாவின் மகன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்திரண்டு வயதில் நோய் தொடங்கியது. தன்னைப் பற்றி ரேடியோவில் பேசுகிறார்கள் என்றார். இரவில் தூங்கவில்லை. முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், தாயத்துக் கட்டினோம். பிறகுதான் வைத்தியரிடம் போனோம். மனச்சிதைவு நோய் என்றார்கள். குளிசையும் மாதம் ஓர் ஊசியும் கொடுத்தார்கள். நானா ஓரளவு தேறினார். தையற்கடையில் வெட்டுவேலை செய்தார். கிளினிக் கொப்பியை மட்டும் சாச்சி அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். வெளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமழான். நோன்பு பிடிப்பதற்காக நானா பகல் குளிசையை நிறுத்தினார். சில நாளில் இரவுக் குளிசையும் நின்றது. தராவீஹ், ஸஹர் என்று தூக்கம் குறைந்தது. கிளினிக் நாள் ஒன்றும் தவறியது. பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில், விடியற்காலையில், பிரதான வீதியிலுள்ள ஒரு கடையின் கெமரா தன்னோடு பேசுகிறது என்று அதற்குக் கல்லெறிந்தார். கல் கண்ணாடியில் பட்டது. பொலிஸ் வந்தது. பிடிக்க வந்தவரின் கையை நானா பிறாண்டிவிட்டார். இப்போது இரண்டு குற்றச்சாட்டு: சொத்துச் சேதம், அரச உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு.

நானும் சாச்சாவும் நிலையத்துக்குப் போனோம். நானா கூட்டுக்குள் நின்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்: "இவருக்குச் சுகமில்லையா?" சாச்சா என் கையைப் பிடித்து அழுத்தினார். "மகன், தங்கச்சிட விஷயம் பேசிட்டு ஈக்கிற நேரம். ஒன்டும் செல்லிராதீங்க. கோவக்காரன் எண்டு மட்டும் செல்லுங்க." நான் அதைத்தான் மொழிபெயர்த்தேன். "சுகமில்லாமல் ஒன்றுமில்லை சேர், கொஞ்சம் கோபக்காரர்." சார்ஜன் அதை அப்படியே புத்தகத்தில் எழுதினார்.

அந்த ஒரு வசனத்தின் விலை பதினான்கு நாள் விளக்கமறியல். பதினான்கு நாளும் மருந்தில்லை. உள்ளே அவருக்கு என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. இரண்டாம் தவணைக்குத்தான் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, அலுமாரியிலிருந்த கொப்பியை நீதவானுக்குக் காட்டினோம். நீதவான் வைத்திய அறிக்கை கேட்டார். நானா வைத்தியசாலைக்குப் போனார், பிறகு பிணையில் வீட்டுக்கு வந்தார். பல நாள் கழித்து அதே சார்ஜனை பஸ் நிலையத்தில் கண்டேன். "சேர், அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அவரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேனே" என்றார். எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடிப் படித்து வருகிறேன். படித்ததை நம் வாசகர்களுக்கு வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் நோயும்

தமிழ் படித்தவன் என்ற முறையில் முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பித்து, பித்தன், பைத்தியம் ஆகிய சொற்களெல்லாம் பித்தம் என்பதோடு தொடர்புடையவை. உடம்பில் பித்தம் மிகுந்தால் புத்தி பேதலிக்கும் என்பது பழைய வைத்தியக் கொள்கை. அந்தக் கொள்கை இன்றைய மருத்துவத்துக்கு ஒத்து வராது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதனை உடம்பின் நோயாகவும் வைத்தியம் செய்யக்கூடியதாகவும் நம் முன்னோர் கருதியிருக்கிறார்கள். அரபியில் மஜ்னூன் என்பதன் வேர் மறைத்தல், மூடுதல் என்ற பொருளுடையது. அறிவு மூடப்பட்டவர் மஜ்னூன். மூடியதை நீக்கினால் அறிவு உள்ளேதான் இருக்கிறது.

கடும் மனநோய் என்று வைத்தியர்கள் சொல்வது சாதாரண மனக்கவலையை அல்ல. மனச்சிதைவு நோய், இருதுருவ மனநோய், நிசம் எது நினைப்பு எது என்று தெரியாத அளவுக்கு முற்றிய மனச்சோர்வு ஆகியவை அதில் அடங்கும். மனச்சிதைவு நோய் மட்டும் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருவர் மூவர் இருக்கத்தான் செய்வர். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். மருந்து நின்று, தூக்கம் கெட்டு, காதில் குரல்கள் கேட்கத் தொடங்கும் அந்தச் சில நாட்களில்தான் பொலிஸ் வரவேண்டிய நிலை உண்டாகிறது.

பொலிஸார் வரும்போது என்ன நடக்கிறது? சத்தமாகக் கட்டளையிடுவது, சுற்றி வளைப்பது, கையைப் பிடிப்பது ஆகியவை திருடனிடம் பயன் தரும் முறைகள். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிற நோயாளியிடம் இவை எதிர்விளைவையே தரும். அவர் ஓடுவார் அல்லது திமிறுவார். ஓடினால் சந்தேகம், திமிறினால் இன்னொரு குற்றச்சாட்டு. எங்கள் நானாவுக்கு நடந்தது இதுதான்.

இதைவிடக் கொடியதும் இந்நாட்டில் நடந்திருக்கிறது. 2009 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில், மனநோயுற்றிருந்த ஒரு தமிழ் இளைஞர் வீதியில் கல்லெறிந்தார் என்பதற்காகக் கடலுக்குள் துரத்தப்பட்டார். கும்பிட்டுக் கெஞ்சிய அவரைத் தடிகளால் அடித்து, கரையேற விடாமல் தடுத்தார்கள். அவர் மூழ்கி இறந்தார். தொலைக்காட்சி அதைக் காட்டியபோது நாடே பார்த்தது. ஒரு பொலிஸ் கொஸ்தாபல் கைது செய்யப்பட்டார். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. 2020 மே மாதம் அளுத்கமையில் ஒரு சோதனைச் சாவடியில் ஓட்டிஸம் உள்ள 14 வயது முஸ்லிம் சிறுவன் தாக்கப்பட்டதாக எழுந்த முறைப்பாடும் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டிஸம் மனநோய் அல்ல. ஆனாலும் பிரச்சினை ஒன்றுதான்: எதிரே நிற்பவர் ஏன் கட்டளைக்குப் பணியவில்லை என்று கேட்டுப் பார்க்கப் பழக்கப்படாத கை.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

பலர் நினைப்பதுபோல நம் நாட்டுச் சட்டம் இவர்களை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. பழையது, குறைபாடுள்ளது, ஆனாலும் கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 77ஆம் பிரிவின் கருத்து இது: ஒரு செயலைச் செய்யும் நேரத்தில், சித்த சுவாதீனமின்மை காரணமாக, தான் செய்வது என்னவென்றோ அது பிழையென்றோ சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய முடியாதிருந்தவர் செய்த செயல் குற்றமாகாது. இது வழக்கு முடிவில் வரும் பாதுகாப்பு. அதுவரை மறியலில் இருக்க நேர்ந்தால் பிரயோசனம் குறைவு.

இரண்டாவது, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பிடிக்கப்பட்டவரைப் பொலிஸார் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நிறுத்தப்பட்டவர் சித்த சுவாதீனமற்றவர், தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல இயலாதவர் என்று நீதவானுக்குத் தோன்றினால் அதை விசாரித்து, வைத்தியரைக் கொண்டு பரிசோதிப்பிக்கலாம். வழக்கைத் தள்ளி வைத்து, கவனித்துக்கொள்ள ஆள் பொறுப்பேற்றால் பிணையில் விடவோ, வைத்தியசாலையில் வைத்துப் பராமரிக்கச் செய்யவோ வழியுண்டு. இதற்குப் பாரிய குற்றமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீதவானுக்கு 'தோன்ற' வேண்டும், அவ்வளவுதான். நாம் மறைத்தால் எப்படித் தோன்றும்?

மூன்றாவது, 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம். பிணை கொடுப்பதே வழமை, மறுப்பது விதிவிலக்கு என்பது அதன் அடிப்படை.

நான்காவது, மனநோய்கள் கட்டளைச் சட்டம். 1873ஆம் ஆண்டில் பிரித்தானியர் கொண்டுவந்த பைத்தியக்காரர் கட்டளைச் சட்டமே 1956இல் திருத்தப்பட்டுப் பெயர் மாற்றம் பெற்றது. குற்றம் எதுவும் செய்யாத, ஆனால் சித்த சுவாதீனம் குன்றியவர் என்று கருதப்படும் ஒருவரைப் பற்றி மாவட்ட நீதிமன்றத்துக்கு அறிவித்து, விசாரணையின் பேரில் சிகிச்சைக்கு அனுப்ப இது வழி செய்கிறது. பிற்காலத் திருத்தத்தால், தாமாகவே விரும்பி வைத்தியசாலையில் சேரவும் வழியுண்டு. நோயாளியின் உரிமை என்ற எண்ணமே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது இச்சட்டம். புதிய மனநலச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல்லாண்டாக நடக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் நிற்கிறது. வீடின்றித் திரியும் மனநோயாளி ஒருவரை நோயாளியாகப் பார்ப்பதா, அலைந்து திரிபவராகப் பார்ப்பதா என்பது அந்த நேரத்தில் அந்த உத்தியோகத்தரின் கண்ணைப் பொறுத்தது. அந்தக் கண்ணைப் பயிற்றுவிப்பதைத்தான் வேறு நாடுகள் செய்திருக்கின்றன.

வேறு நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987 செப்டெம்பரில், கத்தியால் தன்னையே வெட்டிக்கொண்டிருந்த 27 வயது மனநோயாளி ஒருவரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். உதவிக்கு அழைக்கப்பட்ட பொலிஸாரே சுட்டார்கள். நகரம் கொதித்தது. அடுத்த ஆண்டு, 1988இல், பொலிஸ், நோயாளர் குடும்பங்களின் சங்கம், பல்கலைக்கழக மனநல நிபுணர்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரு முறையை உண்டாக்கின. நெருக்கடித் தலையீட்டு அணி என்று அதைச் சொல்லலாம். தாமாக முன்வரும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு 40 மணித்தியாலப் பயிற்சி. நோயின் அறிகுறிகள், மருந்துகள், பேசும் முறை ஆகியவற்றைக் கற்பார்கள். நோயாளரையும் குடும்பத்தாரையும் நேரில் சந்திப்பார்கள். மனநோய் தொடர்பான அழைப்பு வந்தால் அவர்களில் ஒருவர் போவார்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பொலிஸார் கொண்டுவரும் நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் உடனே ஏற்கும் ஒரு வைத்திய நிலையமும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஓ.பீ.டி.யில் பல மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டுமென்றால் எந்தப் பொலிஸ்காரரும் கூட்டில் போடுவதையே சுலபம் என்று நினைப்பார். பயிற்சியும் போக்கிடமும் இரண்டும் சேர்ந்தால்தான் வழி திரும்பும்.

மியாமியில் இதே வேலை நீதிமன்றத்திலிருந்து தொடங்கியது. ஸ்டீவ் லைஃப்மன் என்ற நீதிபதி, ஒரே நோயாளர் சிறு குற்றங்களுக்காகத் திரும்பத் திரும்பத் தன் முன் வருவதைக் கண்டு, 2000ஆம் ஆண்டில் அவர்களைச் சிகிச்சைக்குத் திருப்பும் திட்டத்தைத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, பொது இடத்தில் உடனடி உதவி தேவைப்படும் மனநோயாளியைப் 'பாதுகாப்பான இடம்' ஒன்றுக்குக் கொண்டுபோகும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு அளிக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடமாகப் பொலிஸ் கூடு இருப்பதை 18 வயதுக்குக் குறைந்தவருக்கு முற்றாகத் தடை செய்தது.

நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் இந்தியா. குற்றம் செய்யாத மனநோயாளரைச் சிறையில் வைப்பது சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் மாறானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1993இல் ஷீலா பர்ஸே வழக்கில் சொன்னது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு அதை நடைமுறையாக்கியது. திரிந்துகொண்டிருக்கும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது பொலிஸின் கடமை. 24 மணித்தியாலத்துக்குள் அரச சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த நிலையிலும் அவரைப் பொலிஸ் கூட்டிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. நம் நாட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய இந்த ஒரு பிரிவுதான்.

நம் மார்க்கத்தில் இதன் இடம்

மேற்கு நாட்டாரிடமிருந்து இரவல் வாங்கிய எண்ணம் இது என்று சிலர் சொல்லக்கூடும். அபூதாவூதில் பதிவான ஒரு சம்பவத்தை அவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில், சித்தம் கலங்கிய ஒரு பெண் குற்றத்துக்காகத் தண்டனைக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். வழியில் கண்ட அலி (ரழி) அவர்கள் அவளைத் திரும்பக் கொண்டுபோகச் செய்தார்கள். தூங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, புத்தி பேதலித்தவர் தெளியும்வரை என மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதை உமர் (ரழி) அவர்களுக்கு ஞாபகப்படுத்தினார்கள். கலீபா அதை ஏற்று அவளை விடுவித்தார்கள். தண்டனைக்குப் போகும் வழியில் ஒருவர் இடைமறித்து, 'இவர் நோயாளி' என்று சொல்லி, ஆட்சியாளரும் அதற்குச் செவிசாய்த்தார். இன்று உலகம் பயிற்சி கொடுத்துச் செய்ய முனைவது இதைத்தான்.

அக்காலத்து வைத்தியசாலைகளான பீமாரிஸ்தான்களிலும் மனநோயாளருக்கு இடம் இருந்தது. 1154இல் திமிஷ்கில் நூருத்தீன் கட்டியதும், 1284இல் கெய்ரோவில் கலாவூன் கட்டியதும், 1354இல் அலெப்போவில் எழுந்ததும் அவற்றில் பேர்பெற்றவை.

இந்தப் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை அண்டியிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டியது பொலிஸ் அல்ல. குணமாகும் என்ற நம்பிக்கையில் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்களின் குடும்பத்தார். சிறைக்குப் பதிலாகச் சங்கிலி வைத்த வீடு என்றால் அதற்குப் பெயர் வேறு, சிறைதான். ஓதுவதை நான் மறுக்கவில்லை. சாச்சி இன்றும் நானாவுக்கு ஓதி ஊதுகிறார். ஓதிவிட்டுக் குளிசையையும் கொடுக்கிறார்.

நாங்கள் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பம் பட்டுத் தெளிந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நோய் அடங்கியிருக்கும் காலத்திலேயே ஆயத்தம் செய்ய வேண்டும். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் காட்டுபவராயின், அந்தக் கொப்பியின் முன்பக்கத்தையும் கடைசி மருந்துச் சிட்டையையும் போட்டோக் கொப்பி எடுத்து, வீட்டில் இருவர் மூவரின் கையில் வைத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் படமாகவும் இருக்கலாம். கிராம உத்தியோகத்தர், குடும்பநல மாது, பக்கத்து வீட்டார் இருவர் ஆகியோருக்காவது விடயம் தெரிந்திருக்க வேண்டும். ஊர் முழுக்கப் பறைசாற்றச் சொல்லவில்லை. நெருக்கடியில் ஓடி வரக்கூடியவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ரமழானுக்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் பேச வேண்டும். பலருக்கு மருந்து வேளைகளை இப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக் கொடுக்கலாம். லித்தியம் போன்ற மருந்து எடுப்போர் உடம்பில் நீர் குறைந்தால் ஆபத்துக்குள்ளாகலாம். அவர்கள் நோன்பு பிடிப்பதா என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அதைப் பறிக்க நாம் யார்? ஷஃபானின் கடைசி ஜும்ஆவில் கதீப்மார் இதை ஐந்து நிமிடம் சொன்னால் பல குடும்பங்கள் தப்பும்.

நோய் கிளம்பினால் முதலில் தொலைபேசி. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. அம்பியூலன்ஸ் 1990. கத்தி, தீ என்று உயிராபத்து இருந்தால் 119. பொலிஸை அழைக்கும்போது முதல் வசனமே இப்படி இருக்க வேண்டும்: 'இவர் மனநோயாளி, கிளினிக்கில் மருந்து எடுப்பவர், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்.' இதைச் சிங்களத்தில் சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ரத்தொட்டைப் பக்கத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மொழிச் சிக்கல் இன்னும் பெரியது. அவர்கள் அழைத்தால் போய்ப் பேசிக் கொடுப்பதும் நம் கடமைதான்.

பொலிஸார் வந்ததும், நோயாளிக்குப் பழக்கமான ஒருவர் முன்னால் நின்று, அவர் பெயரைச் சொல்லி, மெதுவாகப் பேச வேண்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். கூட்டத்தைக் கலைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் இளைஞர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். காதில் கேட்கும் குரல் பொய்யென்று அவரோடு வாதாடவும் கூடாது, மெய்யென்று ஒத்துக்கொள்ளவும் கூடாது. 'உங்களுக்குப் பயமாயிருக்கு, நான் கூட இருக்கிறேன்' என்றால் போதும்.

நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டால், பொறுப்பதிகாரியிடம் கொப்பியைக் காட்டி, வாக்குமூலத்தில் நோய் விபரத்தை எழுதச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்துக்கு அனுப்பும் பீ அறிக்கையிலும் அதைக் குறிப்பிடும்படி கேட்க வேண்டும். வைத்தியரிடம் காட்டும்படியும், குளிசையைக் கொடுக்க அனுமதிக்கும்படியும் கேட்பது உதவி கோருவதாகும், சண்டை பிடிப்பதல்ல. வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அடித்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

நட்டப்பட்டவரையும் மறக்கக் கூடாது. கண்ணாடி உடைந்த கடைக்காரர் நம் எதிரி அல்ல. நாங்கள் சிறிது தாமதமாகத்தான் அவரிடம் போனோம். போய் நட்டத்தைக் கட்டி, உண்மையைச் சொன்னோம். "இத மொதல்லயே செல்லியிருந்தா நான் பொலிஸுக்கே போயிருக்க மாட்டேனே" என்றார் அவரும். சிறு பிணக்குகளைத் தீர்க்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சிறையிலிருந்து திருப்புவது என்றால் எல்லாவற்றையும் மன்னித்து விடுவது அல்ல. உயிர்ச்சேதம் போன்ற பாரிய சம்பவமாயின் வழக்கு நடக்கத்தான் வேண்டும். அங்கொடையில் நீதிமன்றம் அனுப்பும் நோயாளருக்கென்றே பிரிவு இருக்கிறது. நான் சொல்வது கல்லெறிந்தவர், சத்தம் போட்டவர், இரவில் பிறர் வீட்டுக் கதவைத் தட்டியவர், வீதியில் உடையின்றி நின்றவர் ஆகியோரைப் பற்றி. மறியல் அவர்களைத் திருத்தாது. மருந்தில்லாமல் இன்னும் நோயாக்கித் திருப்பி அனுப்பும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனாஸா வாகனம், ஸகாத் குழு என்று ஒழுங்காக நடத்துகிறோம். அதே மாதிரி, மஹல்லாவில் இரண்டு பேரை இதற்கென்று ஆக்க முடியாதா? கிளினிக் நாளில் துணைக்குப் போக ஒருவர், நிலையத்துக்கு அழைப்பு வந்தால் போய் நிற்க ஒருவர். வருடத்தில் ஒருநாள், பிரதேச பொலிஸ் நிலையத்தாரையும் வைத்தியசாலையின் மனநல வைத்தியரையும் அழைத்து, நோயாளர் குடும்பங்களோடு உட்காரச் செய்யலாம். மெம்பிஸில் தொடங்கியதும் இப்படி மூன்று தரப்பு ஓரிடத்தில் அமர்ந்ததில்தான். எங்கள் ஊரில் இதற்குப் பெரிய செலவு இல்லை. தேத்தண்ணிச் செலவு மட்டும்தான்.

தங்கச்சியின் விஷயத்தையும் சொல்லி முடிக்கிறேன். பேசிக்கொண்டிருந்த அந்தச் சம்பந்தம் குழம்பியது. நோயினால் அல்ல; மறைத்ததனால். "சொகமில்ல எண்டு செல்லியிருந்தா நாங்க யோசிச்சிருப்போம், ஒளிச்சதத்தான் தாங்க ஏலாம ஈக்கி" என்று மாப்பிள்ளையின் உம்மா சாச்சியிடம் சொன்னாராம். அடுத்த வருடம் வந்த சம்பந்தத்தில் சாச்சா முதல் நாளே சொன்னார். அவர்கள் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார்கள். கல்யாணத்தில் நானாதான் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றார்.

நானா இப்போது ஊசி தவறாமல் போடுகிறார். தையல் வேலைக்குப் போகிறார். ஆனால் கதவு பூட்டிய அறையில் படுக்க மாட்டார். மறியலிலிருந்து வந்த நாளிலிருந்து அவருடைய அறைக்கதவு இரவிலும் திறந்தேதான் கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் சார்ஜனின் மேசைக்கு முன்னால் நான் மொழிபெயர்த்த அந்த வசனம் என் காதில் கேட்கிறது.

அவருடைய கிளினிக் கொப்பி இப்போது அலுமாரியில் இல்லை. முன் ஹோலில் கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அதன் ஒரு பிரதி என் பர்ஸில் இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு கொப்பி புடவைக்கு அடியில் இருந்தால், இந்தக் கிழமைக்குள் அதை வெளியில் எடுத்து வையுங்கள்.